தோதோ சினே

மாட்ரிட்டில் நான் அறை எடுத்துத் தங்கியிருந்த வீட்டில், டிவிக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். பிஸ்கட் பெட்டியைப் பிரித்து, அதன் உள்பக்கத்தில் வீட்டுக்கார அம்மா நீல மையில் எழுதி வைத்தது. இடது பக்கம் எண், வலது பக்கம் சேனல் பெயர். பாதி வரிகளை அடித்து, மேலே வேறு எண் எழுதி, அதையும் அடித்து, பழைய ரேஷன் கார்டு மாதிரி ஆகியிருந்தது. ஒரு வரிக்கு மட்டும் கீழே இரண்டு கோடு. எண் 17. பக்கத்தில் சேனலின் பெயர்கூடக் கிடையாது. "சினே" என்று மட்டும் இருக்கும்.

அதன் உண்மையான பெயர் லா செக்ஸ்தா 3. ஸ்பானிய மொழியில் "செக்ஸ்தா" என்றால் ஆறாவது, அவ்வளவுதான். சாயங்காலம் எப்படிப் பொழுது போகிறது என்று ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டபோது இந்தப் பெயரைச் சொல்லித் தொலைத்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அதற்குப் பிறகு நானும் "சினிமா சேனல்" என்றே சொல்லப் பழகிக்கொண்டேன்.

2010 நவம்பர் 1ஆம் தேதி அது தொடங்கியது. ஸ்பெயினில் அது சகல புனிதர்களின் திருநாள். கடைகளை அடைத்துவிட்டுக் குடும்பத்தோடு கல்லறைக்குப் பூ கொண்டுபோகிற நாள். வீட்டுக்கார அம்மாவும் கணவருக்குப் பூ வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். பேரன் ரிமோட்டை வாங்கி எதையோ அமுக்கி, "பாட்டி, இதுல நாள் முழுக்கப் படம்தான்" என்று சொல்லியிருக்கிறான். நான் அந்த வீட்டுக்குப் போனது ஒரு வருடம் கழித்து. ஆனால் அவர் சொல்லிச் சொல்லி, அந்த நாளில் நானும் அந்த சோபாவில் இருந்ததுபோல ஆகிவிட்டது.

"தோதோ சினே" என்பது சேனலின் அடைமொழி. எல்லாமே சினிமா. கே டிவி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். ஸ்பெயினிலும் மாதச் சந்தா கட்டினால் சினிமா சேனல்கள் உண்டுதான். மொட்டைமாடி ஆண்டெனாவில் காசில்லாமல் வருவது வேறு கதை.

அந்த 2010 ஏப்ரல் 3ஆம் தேதியோடு நாடு முழுக்க அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியிருந்தார்கள். பழைய முறையில் ஒரு சேனல் பிடித்துவைத்திருந்த இடத்தில் டிஜிட்டலில் நான்கு சேனல் உட்காரலாம். இடம் கிடைத்துவிட்டது, போடுவதற்குச் சரக்கு எங்கே? ராத்திரியானால் பாதி சேனல்களில் சீட்டுக்கட்டை விரித்து ஜோசியம் சொல்லும் பெண்மணிகள். மீதியில் பாத்திரமும் தொப்பை குறைக்கும் பெல்ட்டும் விற்பவர்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு சேனல் பேசாமல் படம் போட்டுக்கொண்டிருந்தது.

அதன் தாய்ச் சேனலான லா செக்ஸ்தா, தேசிய அளவிலான இலவச சேனல்களில் கடைக்குட்டி. 2006 மார்ச் 27இல் பிறந்தது. ஸ்பெயினின் தயாரிப்பு நிறுவனங்களான குளோபோமீடியாவும் மீடியாப்ரோவும் ஒரு பக்கம், மெக்சிகோவின் டெலெவிசா 40 சதவீதப் பங்கோடு மறுபக்கம். பெரிய சேனல்களோடு மல்லுக்கு நிற்கிற வசதி இல்லாத வீடு. அப்படிப்பட்ட வீட்டுக்கு சினிமா சேனல் கட்டுப்படியாகும் என்பதற்குக் காரணம் உண்டு. ஸ்டுடியோக்கள் தொலைக்காட்சிக்குப் படங்களைப் பெரும்பாலும் மொத்தமாகத்தான் தள்ளிவிடும். ஒரு பெரிய படம் வேண்டுமென்றால் அதோடு கட்டி வரும் சில்லறைப் படங்களையும் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரியதை முதன்மைச் சேனலில் ஞாயிறு இரவு போட்டாயிற்று. மிச்சத்தை என்ன செய்வது? இன்னொரு சேனல் இருந்தால் அங்கே ஓட்டலாம். என் சினிமா ருசியில் பாதி அந்த மிச்சத்தில் வளர்ந்தது. அறுபதுகளின் கொள்ளைக்காரப் படங்கள், எண்பதுகளின் போலீஸ் படங்கள், யாரும் விமர்சனம் எழுதியிராத காதல் படங்கள், இடையில் திடீரென்று ஒரு கறுப்பு வெள்ளை மாணிக்கம். எது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. குழாயடியில் நிற்கிற மாதிரி, வந்ததைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மாட்ரிட்டின் குளிரைப் பற்றி எனக்கு யாரும் சரியாகச் சொல்லியனுப்பவில்லை. காரபான்செல் பகுதியின் அந்தப் பழைய கட்டடத்தில் ஹீட்டர் என்று சுவரில் இருந்ததெல்லாம் அலங்காரத்துக்கு. ஆனால் கூடத்தில் ஒரு வட்ட மேசை இருந்தது. தரைவரை தொங்கும் கனமான துணி போர்த்தி, உள்ளே கால் வைக்கும் பலகைக்கு நடுவில் மின்சாரக் கணப்பு ஒன்று பொருத்தியிருப்பார்கள். துணியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டால் இடுப்புவரை மே மாதத்துத் திருச்சி. அதற்கு மேலே மாட்ரிட். மேசை மேல் ஒரு கிண்ணம் உப்புப் போட்ட சூரியகாந்தி விதை, ஓடு போட இன்னொரு கிண்ணம். அந்த அம்மா பல்லிடுக்கில் விதையை நிறுத்தி ஒரு தட்டுத் தட்டி, ஓட்டை முழுசாகத் துப்புவார். கண் திரையிலேயே இருக்கும். நான் மூன்று குளிர்காலம் முயன்றும் அந்த வித்தை கைவரவில்லை.

ஸ்பெயினில் இரவுப் படம் பத்தரைக்குத்தான் தொடங்கும். விளம்பரம் வந்தால் மூலையில் "ஆறு நிமிடத்தில் திரும்புகிறோம்" என்று போடுவார்கள். அந்த ஆறு நிமிடத்தில் பால் சுடவைப்பது, பாத்திரம் கழுவுவது, தூங்கிவிட்ட என்னை உசுப்புவது என்று அந்த அம்மா ஒரு வீட்டையே நிர்வகித்துவிடுவார். என்னை "இஹா" என்பார். மகளே. நான் அவரை மரியாதைப் பன்மையில்தான் கூப்பிடுவேன். "நீங்க வாங்கன்னு சொல்லாதே, கிழவி ஆயிட்ட மாதிரி இருக்கு" என்று எழுபத்திநான்கு வயதில் கோபித்துக்கொள்வார். என் நாக்குக்கு அது கடைசிவரை வரவில்லை.

படங்கள் எல்லாம் டப்பிங். இதை நாம் இளப்பமாகப் பேசுவோம்; நானும் பேசினேன். முதல் வாரத்திலேயே ரிமோட்டில் ஒரு பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டேன். அமுக்கினால் பல படங்களில் அசல் மொழி வரும். அவர் சமையலறைக்குப் போன சமயத்தில் ஆங்கிலத்துக்கு மாற்றினேன். கையில் கரண்டியோடு ஓடிவந்தார். "யார் இவன்? இவன் குரல் இது இல்லையே!"

அவர் சொன்னது நியாயம்தான். ஸ்பெயினில் ஒவ்வொரு ஹாலிவுட் நடிகருக்கும் கூடுமானவரை ஒரே டப்பிங் கலைஞர், பல ஆண்டுகளுக்கு. ஜனங்களுக்கு நடிகரின் குரல் என்றால் அதுதான். 1941இல் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி, வெளிநாட்டுப் படம் எதுவானாலும் ஸ்பானிய மொழியில்தான் பேசவேண்டும் என்று உத்தரவு போட்டது. வசனத்தை மாற்றினால் கதையையே மாற்றிவிடலாம் என்பது தணிக்கைக்காரர்களுக்குப் பிடித்துப்போயிற்று. கிரேஸ் கெல்லி நடித்த ஓர் ஆப்பிரிக்க வேட்டைப் படத்தில் மனைவி இன்னொருவனோடு காதல் கொள்வது கூடாது என்று கணவன் மனைவியை அண்ணன் தங்கை ஆக்கிவிட்டார்கள். அண்ணனும் தங்கையும் ஒரே கூடாரத்தில் படுத்துக்கொண்டு கொஞ்சுவதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. உத்தரவு போய்விட்டது, பழக்கம் நிலைத்துவிட்டது. அந்தப் பழக்கத்தில் நல்ல கலைஞர்களும் உருவானார்கள். ஆங்கிலத்தில் "டெர்மினேட்டர் 2" படத்து ஷ்வார்ஸ்நெகரின் எந்திர மனிதன் "அஸ்தா லா விஸ்தா" என்று ஸ்பானிய மொழியில் விடைசொல்லிச் சுடுவான், உலகத்துக்கே தெரியும். ஸ்பானியர்களுக்கு ஸ்பானியத்தில் என்ன கிக் இருக்கிறது? அவர்கள் டப்பிங்கில் அவன் ஜப்பானியத்தில் "சயோனாரா" சொல்லுவான்.

அந்தக் குரல் கோன்ஸ்தாந்தினோ ரொமேரோ என்பவருடையது. கிளின்ட் ஈஸ்ட்வுட்டுக்கும் அவர்தான். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு கார்வை. 2013 மே 12ஆம் தேதி அவர் இறந்துபோனார். நான் வேலையிலிருந்து வரும்போது வீட்டுக்கார அம்மா மேசையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "கிளின்ட் ஈஸ்ட்வுட் போயிட்டார்" என்றார். எனக்கு விஷயம் தெரியாது. கணினியைத் திறந்து பார்த்துவிட்டு, "இல்லையே, கலிபோர்னியாவில் நல்லாத்தானே இருக்கார்" என்றேன். "உன் ஆள் நல்லா இருக்கார். எங்க ஆள் போயிட்டார்" என்றார்.

என் ஸ்பானியம் அந்த சோபாவில்தான் தேறியது. அவருக்குக் காது மந்தம் என்பதால் செவித்திறன் குறைந்தவர்களுக்கான வசனவரிகள் எப்போதும் ஓடும். ஸ்பெயினில் அதற்கு ஒரு முறை உண்டு: முக்கியக் கதாபாத்திரத்தின் வசனம் மஞ்சள், அடுத்தவர் பச்சை, அதற்கடுத்து வெளிர்நீலம், சில்லறை ஆட்கள் எல்லாம் வெள்ளை. படம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் யார் கடைசிவரை பிழைப்பான் என்று எனக்குத் தெரிந்துவிடும். வெள்ளை எழுத்துக்காரன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு "நான் முன்னால் போகிறேன்" என்றால், பாவம், அவனுக்கு அடுத்த வசனம் கிடையாது.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த வருடங்கள் ஸ்பெயினுக்கு எப்படிப்பட்டவை என்று சொல்லாமல் இந்தச் சேனல் ஏன் முக்கியம் என்பது விளங்காது. 2013இல் வேலையில்லாதவர்கள் 60 லட்சத்தைத் தாண்டினார்கள். எங்கள் கட்டடத்திலேயே மூன்று வீடுகளில் பகல் முழுக்க ஆண்கள் வீட்டில் இருந்தார்கள். 2012 செப்டம்பர் 1 முதல் சினிமா டிக்கெட்டுக்கான வரியை 8 சதவீதத்திலிருந்து ஒரே தாவலில் 21 ஆக்கினார்கள். கிரான் வியா வீதியில் ஒரு காலத்தில் வரிசையாக நின்ற பழைய திரையரங்குகளில் ஒன்று துணிக்கடை ஆகியிருந்தது, சில இசைநாடக அரங்குகள் ஆகியிருந்தன. ஆன்தோன் மார்த்தின் பக்கம் அரசுத் திரைக்காப்பகத்தின் தோரே அரங்கில் அப்போது இரண்டரை யூரோவுக்குப் படம் பார்க்க முடிந்தது. ஆனால் முழங்கால் வலிக்கார வீட்டுக்கார அம்மா மெட்ரோ படியேறி இறங்கிப் போக முடியுமா? எதிர்வீட்டுக்காரர், கட்டட வேலை போய் இரண்டு வருடமானவர், சில இரவுகளில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அவர் வீட்டிலும் அதே சேனல் வரும். வந்து உட்கார்வார், அவ்வளவுதான்.

அப்படியானால் ஏன் மூடினார்கள்? பார்க்க ஆளில்லாமலா? இல்லை. இந்தச் சேனல் செத்தது ஒரு கோப்பினால்.

2010 மார்ச் 31 தேதியிட்ட ஒளிபரப்புச் சட்டம், புதிதாகச் சேனல் உரிமம் கொடுப்பதென்றால் பொதுப் போட்டி அறிவித்துத்தான் கொடுக்கவேண்டும் என்றது. நாலு மாதம்கூட ஆகவில்லை. அதே வருடம் ஜூலை 16ஆம் தேதி பிரதமர் சபாதேரோவின் அமைச்சரவை கூடி, ஏற்கனவே ஒளிபரப்பில் இருந்த தனியார் நிறுவனங்களுக்கு ஆளுக்கு ஒரு முழு அலைவரிசைத் தொகுப்பை, அதாவது நான்கு சேனல் இடத்தை, போட்டி எதுவும் வைக்காமல் தூக்கிக் கொடுத்தது. அனலாக்கை விட்டு டிஜிட்டலுக்கு ஒழுங்காக மாறினால் தருவோம் என்று 2005இலேயே சொல்லியிருந்தோம், அதைத்தான் நிறைவேற்றுகிறோம் என்பது அரசின் வாதம். இன்ஃப்ரயெஸ்த்ருக்துராஸ் இ ஹெஸ்தியோன் 2002 என்ற, பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் ஒரு சின்ன கம்பெனி வழக்குப் போட்டது. 2012 நவம்பர் 27இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: வாக்குறுதி பழையதாக இருக்கலாம், கொடுத்தபோது புதிய சட்டம் அமலில் இருந்தது, ஆகவே கொடுத்தது செல்லாது.

அதே 2012 பிப்ரவரியில்தான் இந்திய உச்ச நீதிமன்றம் 122 அலைக்கற்றை உரிமங்களை ரத்து செய்திருந்தது. அலுவலகத்தில் ஸ்பானியச் சகாக்கள் தலையைப் பிய்த்துக்கொண்டபோது எனக்கு மட்டும் கதை முன்னமே படித்ததுபோல இருந்தது. டெண்டர் விடாமல் கொடுத்தால் என்னாகும் என்று தமிழருக்குப் பாடம் எடுக்க வேண்டுமா என்ன!

தீர்ப்பு வந்தவுடன் ஒன்றும் நடக்கவில்லை. ஆட்சி மாறி ரஹோய் வந்திருந்தார். 2013 மார்ச்சில் அவரது அமைச்சரவை, தீர்ப்பை நிறைவேற்றுகிறோம், ஆனால் 4ஜிக்காக அலைவரிசைகளை மாற்றியமைக்கும் வேலை முடிகிறவரை சேனல்கள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று இழுத்தது. அந்த வருடம் டிசம்பர் 18இல் நீதிமன்றம், இழுத்தது போதும், மூடு என்றது. இதற்கிடையில் லா செக்ஸ்தாவே 2012 அக்டோபரில் ஆன்தேனா 3 நிறுவனத்தோடு இணைந்து, ஆத்ரெஸ்மீடியா என்று புதுப் பெயரும் பெற்றிருந்தது. தீர்ப்பில் அடிபட்டவை ஒன்பது சேனல் இடங்கள். ஆத்ரெஸ்மீடியாவுக்கு மூன்று போயிற்று: நித்ரோ, எக்ஸ்ப்ளோரா, லா செக்ஸ்தா 3. மீடியாசெட் என்ற போட்டி நிறுவனத்துக்கு லா சியெதே, நுவேவே. கொடுத்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வாங்கியவர்கள் மிச்சச் சேனல்களை வைத்துப் பிழைத்துக்கொண்டார்கள். நீதிமன்றத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எரிச்சலெல்லாம் அந்த ஜூலை 16 மேல்தான். நாலு மாதம் பொறுத்து, முறையாகப் போட்டி வைத்திருந்தால் இதே சேனல் இதே எண்ணில் இன்றைக்கும் இருந்திருக்கக்கூடும்.

2014 மே 6, செவ்வாய்க்கிழமை. முந்தின இரவு விதைக் கிண்ணத்தோடு உட்கார்ந்தோம். எதிர்வீட்டுக்காரரும் வந்தார். எனக்குக் காலையில் வேலை என்பதால் பாதியில் எழுந்து போய்ப் படுத்துவிட்டேன். இன்றுவரை வருத்தம் அது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே 17ஐ அமுக்கினேன். படம் இல்லை. கூடத்தில் ஓடு கிண்ணம் நிரம்பி வழிந்தது. "எத்தனை மணிவரை பார்த்தீங்க?" என்று கேட்டேன். "நீ போனதும் நாங்களும் தூங்கிட்டோம். ரெண்டு பேரும், இங்கேயே" என்றார். கடைசிச் சட்டகத்தை அந்த வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

சில வாரங்கள் அவர் பழக்கத்தில் 17ஐ அமுக்குவார், "அட" என்பார், வேறு எங்காவது போவார். போக இடம் இல்லாமல் இல்லை. 2012 மார்ச் 30இல் தொடங்கிய பாரமவுண்ட் சேனல் இன்னொரு உரிமத்தில் ஓடிக்கொண்டிருந்ததால் பிழைத்தது. நாங்கள் அங்கே குடிபெயர்ந்தோம். (அதுவும் 2018இல் பெயர் மாறி, 2024 தொடக்கத்தில் ஸ்பெயினிலிருந்து மறைந்துவிட்டது.) 2015 அக்டோபரில் அரசு ஒருவழியாகப் போட்டி வைத்து ஆறு உரிமங்கள் கொடுத்தது. ரியல் மாட்ரிட் கால்பந்துக் கிளப்புக்கு ஒன்று. தொடர்களுக்கென்று ஆத்ரெஸ்மீடியாவுக்கு ஒன்று. ஆயர் பேரவைக்குச் சொந்தமான 13 டிவிக்கு ஒன்று. எக்ஸ்ப்ளோராவின் சரக்கு மெகா என்ற புதுப் பெயரில் திரும்பி வந்தது. லா செக்ஸ்தா 3 மட்டும் வரவில்லை.

ஆனால் அந்த ஆயர்களின் சேனல் இருக்கிறதே, அது தனிக் கதை. காலையில் திருப்பலி, மதியத்துக்கு மேல் கௌபாய் படங்கள். தினமும். குதிரை, தூசி, துப்பாக்கி, சாராயக் கடையில் அடிதடி. ஸ்பானியத் திருச்சபைக்கு வெஸ்டர்ன் படங்கள் மேல் இவ்வளவு பிரியம் ஏன் என்று நான் கேட்ட யாருக்கும் தெரியவில்லை.

2015 வசந்தத்தில் 4ஜிக்காக அலைவரிசைகளை மாற்றும் வேலைக்கு ஆண்டெனாக்காரர் வந்தார். லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். மொட்டைமாடியில் ஏதோ பெட்டியை மாற்றினார்கள். எல்லா டிவியையும் மறுபடி டியூன் செய்யவேண்டியிருந்தது. எண்கள் எல்லாம் இடம்மாறின. சுவர் அட்டையைக் கிழித்துவிட்டு, புது பிஸ்கட் பெட்டியைப் பிரித்து, அந்த அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் கையெழுத்தில் அந்த வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். 17 வந்ததும் பேனாவை நிறுத்தி அவரைப் பார்த்தேன். "என்ன வருது அதுல?" என்றார். போட்டுக் காட்டினேன். பாத்திரம் விற்றுக்கொண்டிருந்தார்கள். "விட்டுடு" என்றார். 18க்குப் போனேன்.

அந்த வருட முடிவில் நான் ஊர் திரும்பிவிட்டேன். போன மாதம் அவருக்குப் போன் செய்தேன். எண்பத்தெட்டு வயது, பேரனுக்குக் கல்யாணமாகிவிட்டது, முழங்கால் அப்படியேதான். பின்னால் குதிரைகள் ஓடும் சத்தம் கேட்டது. "என்ன படம்?" என்றேன். "தெரியாது, பாதியிலதான் வந்தேன். ஷெரீஃப் நல்லவன் மாதிரி தெரியலை." "எழுத்து என்ன நிறம்?" "மஞ்சள்தான்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இஹா, இப்ப முக்கியமான இடம். விளம்பரம் வந்ததும் நானே கூப்பிடறேன், ஆறு நிமிஷம் இருக்கும்ல" என்று வைத்துவிட்டார். கூப்பிடவில்லை.